‘பாய்ங்க ஏன் வாயத் தொறக்கல?’

எங்கே குண்டு வெடிச்சாலும் செஞ்சி கடைத்தெருவில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். ‘பாய்ங்க ஏன் இதக் கண்டிக்க மாட்டேங்குறாங்க?’ கேட்கிறவன் கறிக்கடை பாயிடம் நேராகப் போய்க் கேட்க மாட்டான். டீக்கடையில் உட்கார்ந்து பொதுவாகக் கேட்பான், பாய் காதில் விழுகிற மாதிரி. அவனுக்குப் பதில் தேவையில்லை. பதில் பல தடவை சொல்லியாச்சு.

2008 நவம்பரில் மும்பையில் சுட்டுத் தள்ளிய கும்பலில் செத்த ஒன்பது பேரைத் தங்கள் கப்ரஸ்தானில் புதைக்க முடியாது என்றது அங்குள்ள ஜும்மா மசூதி டிரஸ்ட். பிணத்துக்கு மண் இல்லை என்று சொல்வதைக் கொண்டாட நம்மால் முடியாது. சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் மனுப்போட்டுக்கொண்டிருக்கிற சனங்க நாம். ஆனால் தங்கள் மார்க்கத்தில் எந்த எல்லை வரைக்கும் அவர்கள் போனார்கள் என்று பாருங்கள்.

இலங்கையில், நம்ம மொழி பேசுற காத்தான்குடியில், சஹ்ரான் ஹாசிமின் ஆட்கள் 2017லேயே சூஃபி முஸ்லிம்களைத் தாக்கினார்கள். புகார் கொடுத்தது யார்? முஸ்லிம்கள். தெருவில் இறங்கியது யார்? முஸ்லிம்கள். அரசு தூங்கியது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் அந்தக் கும்பலின் மிச்சம் ஒளிந்திருந்த வீட்டைச் சந்தேகப்பட்டு போலீசுக்குச் சொன்னதும் அந்த ஊர் முஸ்லிம் சனங்கதான். கொலைகாரர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று ஜமிய்யத்துல் உலமா அறிவித்தது. இதற்கெல்லாம் கிடைத்த பரிசு என்ன? மே மாதம் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கண்டிச்சாலும் அடி, கண்டிக்காட்டியும் அடி. அப்புறம் கேள்வி எதுக்கு?

இப்ப நம்ம பக்கம் திரும்புவோம். இது சில தோழர்களுக்குக் கசக்கும்.

2017 மார்ச் 16 இரவு கோவை உக்கடத்தில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. பழைய இரும்பு வியாபாரம். திராவிடர் விடுதலைக் கழகத் தோழர். ‘கடவுள் இல்லை’ என்று சொன்னதுதான் குற்றம். கைதானவர்கள் முஸ்லிம்கள். 1997 கலவரத்தில் 18 முஸ்லிம்களைப் பறிகொடுத்து, அடுத்த பிப்ரவரியில் 58 பேரைத் தின்ற குண்டுகளுக்கும் பழி சுமந்த ஊர் அது. அந்த ஊரில், மகனைப் புதைத்த கையோடு, ஃபாரூக்கின் அப்பா பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்: மகன் இருந்த இயக்கத்தில் நானும் சேரப்போகிறேன், அவன் செய்த வேலையை நானும் செய்வேன்.  இவரைவிட உரக்க ஒரு முஸ்லிம் என்ன பேசணும்?

இந்தக் குரலை டீக்கடைக்காரன் கேட்கவில்லை, சரி. நம்ம முற்போக்குத் தோழர்கள் சிலரும் கேட்காத மாதிரி நடக்கிறார்கள். ‘இப்போ பேசினா பிஜேபிக்கு லாபம்’ என்கிறார்கள். அப்போ ஃபாரூக்கின் அப்பா யாருக்கு லாபம் சேர்த்தார்? ஒரு சமூகத்துக்குள்ளிருந்து அதன் கொலைகாரனை எதிர்ப்பவனைத் தனியா விட்டுவிட்டு, அந்தச் சமூகத்தோடு ஒற்றுமை என்று மேடையில் கை கோத்தால், நீங்கள் கை கோத்தது யாரோடு? சேரிக்குள் நம்ம பெண்கள் நம்ம ஆம்பளைங்களைக் கேள்வி கேட்டபோதும் இதே பாட்டுத்தானே பாடினீர்கள்: இப்போ வேண்டாம், எதிரிக்கு லாபம்.

‘நல்ல முஸ்லிம்’ என்று ஒரு சரக்கு வைத்திருக்கிறார்கள். செஞ்சிக்காரங்களுக்கு அது பழக்கம். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து தேசிங்கு ராஜா சண்டைக்குப் போனபோது, கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து கூடவே செத்த கூட்டாளி மகபத்கான். கதைப்பாட்டு கேட்டுக் கண்ணீர் விடுவார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டபோது துப்பாக்கிக்காரனைத் தடுக்கப்போய் செத்த குதிரைக்காரர் சையத் ஆதில் உசேன் ஷாவுக்கும் அதே கண்ணீர். மறுநாள் காஷ்மீரே கடையடைத்து, சனங்க மெழுகுவத்தி ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். அதே வாரம் வடநாட்டு ஊர்களில் காஷ்மீர் மாணவர்களை அடித்து விரட்டினார்கள். செத்த பாய் நல்லவர், உயிரோட இருக்கிற பாய் சந்தேகத்துக்குரியவர். இன்னா நியாயம்டா இது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, ‘மராட்டிய இராணுவ நிலப்பரப்பு’ என்ற பேரில். 1677இல் சிவாஜி பிஜப்பூர்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை என்பது உண்மை. இனி இதை வைத்து யார் ஊர்வலம் விடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஊர்வலத்துக்குக் கொடி பிடிக்கச் சேரிப் பையனைத்தான் தேடி வருவார்கள். ஆனால் கோட்டைக்குள்ளேயே சாதத்துல்லாகான் மசூதியும் நிற்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரிக்குப் பக்கத்தில் சக்கிலி துர்க்கம் என்று ஒரு குன்றும் நிற்கிறது. கைடு அதைக் காட்ட மாட்டான்.

திரௌபதி வழிபாட்டுக்கு மூல இடம் என்று சனங்க நம்பும் மேலச்சேரி செஞ்சிக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. அம்மனுக்குக் காவல் யார்? முத்தால ராவுத்தர். ஒரு துலுக்கரைக் காவலுக்கு நிறுத்திய அம்மன் அவள். அதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023இல் தலித்துகள் போனதற்கு அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்கே சீல். 2025 ஏப்ரலில், கோர்ட் உத்தரவோடு, போலீஸ் காவலோடுதான் நம்ம சனங்க உள்ளே போக முடிந்தது.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்கள். அன்றிலிருந்து மேல்பாதி வரைக்கும் எந்த டீக்கடையிலாவது, ‘ஊர்க்காரங்க ஏன் இதக் கண்டிக்க மாட்டேங்குறாங்க?’ என்று யாராவது கேட்டானா? கேட்டவன் இருந்தால் கூட்டிக்கிட்டு வாங்க. அவனை உட்காரவெச்சு, ஃபாரூக்கின் அப்பா பேசினதை முதலிலிருந்து சொல்றோம்.