தோற்கும் உரிமை

1929இல் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் 22 பேர் ஆடினார்கள். அதில் ஒரே பெண் வேரா மென்சிக். அவரிடம் தோற்பவர்களை ‘வேரா மென்சிக் கிளப்’பில் சேர்த்துவிடலாம் என்று கேலி பேசினார் ஆல்பர்ட் பெக்கர். மூன்றாம் சுற்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மென்சிக் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். பிறகு பக்கத்துச் சிப்பாயைப் பலி கொடுப்பதுபோல் நீட்டினார். குயின்ஸ் கேம்பிட் வகைத் தொடக்கம். பெக்கர் அதை வெட்டவில்லை; சிப்பாய்களைச் சுவராக அடுக்கினார். தோற்றார். கிளப்பின் முதல் உறுப்பினர் அவரேதான்.

இந்தக் கதையை நாம் ரசித்துச் சொல்கிறோம். ஆனால் அந்தப் போட்டியில் மென்சிக்குக்குக் கடைசி இடம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். 21 ஆட்டங்களில் 3 புள்ளி. எனக்கு அந்தக் கடைசி இடம்தான் முக்கியம். அதற்குப் பிறகும் அவருக்கு மேசை கிடைத்தது. அதனால்தான் மாக்ஸ் யூவேயையும் நம் சுல்தான் கானையும் பின்னால் அவரால் வெல்ல முடிந்தது.

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் பள்ளிக்கூடமெல்லாம் செஸ் பேச்சு. எங்கள் கல்லங்குறிச்சியிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் அரியலூர் போய் ஆடினார்கள். இரண்டு பேருமே முதல் சுற்றில் தோற்றார்கள். தம்பிக்குப் புது போர்டு வந்தது. அக்காவுக்கு, “தோத்துட்டு வர்றதுக்கா பஸ் ஏறிப் போன?” என்ற கேள்வி வந்தது. அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். “அவன் ஆம்பளப் புள்ள, நாலு எடம் போவான் வருவான். இவளுக்கு எதுக்குக்கா?” என்றார்.

பையன் தோற்றால் அவன் மட்டும் தோற்கிறான். பெண் தோற்றால் ‘பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது’ என்று ஊரே தீர்ப்பு எழுதுகிறது. 1976இல் ஆண்களின் தேசியப் போட்டியில் 13 வயது ரோகிணி காடில்கர் ஆடியதற்கே பெரிய அமளி. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. பெண்களைத் தடுக்கக் கூடாது என்று அப்போது சொன்ன உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் யார் தெரியுமா? மென்சிக்கிடம் தோற்ற அதே யூவே!

2024இல் டொரோண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் சென்னையின் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றார். போதும் வா என்று யாரும் கூட்டிவந்துவிடவில்லை. கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்றார்.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு நான்கு தோல்விகூட வேண்டாம். இரண்டாவது தடவை தோற்கவாவது பஸ் காசு கொடுத்திருக்கலாம். அரியலூர் ஒன்றும் டொரோண்டோ இல்லையே.