தை மாசம் மட்டும் வந்தா போதுமா?

தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு 2011-ல இருந்து நடக்கு. ஜனவரியில குளம் குளமாப் போய் எண்ணுறாங்க. நல்ல காரியம்தான், குறை சொல்லல. ஆனா அந்த எண்ணிக்கையை வச்சு, வலசைப் பறவை என்னிக்கு வந்துச்சு, என்னிக்குக் கிளம்புச்சுன்னு சொல்ல முடியுமா? ஒரு வருசம் பிந்தி வந்தாலும், முந்திப் போனாலும் ஜனவரிக் கணக்குல அது தெரியாது.

வயல்ல நிக்கிறவனுக்குத் தெரியும். வாலாட்டிக்குருவி வரப்புல வந்து வாலை ஆட்டுற முதல் நாளை நான் பாக்கேன். மத்திய ஆசியாவுல இருந்து வார சூறைக்குருவி, அதான் சோளப்பட்சி, கூட்டங்கூட்டமா திரியும். ஏப்ரல்ல ஒருநாள் விடிஞ்சா ஒண்ணையும் காணோம். அந்தத் தேதிதான அறிவியலுக்கு வேணும்?

அமெரிக்காவுல ஹம்மிங்பேர்ட் வசந்தத்துல வடக்கே ஏறுறதை 'ஜர்னி நார்த்' எப்படி வரைபடமாப் போடுது? வீட்டுத் தோட்டத்துல முதல்ல பாத்தவங்க தேதியை அனுப்புறாங்க. நம்ம நாட்டுலயும் 2007-ல 'மைக்ரன்ட்வாட்ச்' அதையேதான் கேட்டுச்சு. எங்க ஊர் வரப்பு வரைக்கும் வந்து கேட்டது யாரு?

போன வருசம் இலத்தூர் குளத்துக்கரையில பைனாகுலரோட நின்ன ஒரு தம்பிகிட்ட, "வாலாட்டி புரட்டாசியிலயே வந்துட்டுப்பா"ன்னேன்.

"சரிங்க அங்கிள்"ன்னாரு. எழுதிக்கல.

நான் எழுதுதேன். நாள் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம். பாக்கலன்னா அதையும். பட்டணத்துல இருந்து வாறவங்க செப்டம்பர்லயும் ஏப்ரல்லயும் ஒருநாள் வாங்க. தாள் கட்டு எங்கிட்டதான் இருக்கு.