பத்திரம் படிக்கத் தெரிந்த தரகர்

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவை அடையாளம் காண்பது எளிது. முத்திரைத்தாள் விற்பவர், ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர்களின் பலகைகள், எதிரே ஒரு டீக்கடை. காலை பத்து மணிக்கு அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நிலத் தரகர்கள். ஆட்டோ ஓட்டியவர், மளிகைக் கடை வைத்திருந்தவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பொறியியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் எனப் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். இந்தத் தொழிலுக்கென்று படித்துவிட்டு வந்தவர் அவர்களில் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார்.

கடை வாடகை வேண்டாம், சரக்கு வாங்கிப் போட வேண்டாம். ஒரு இருசக்கர வாகனம், ஒரு கைபேசி, ஊரில் நாலு பேரைத் தெரிந்திருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நுழைகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து அதே பெஞ்சைப் பார்த்தால் முகங்கள் மாறியிருக்கும். நிலைத்து நிற்பவர்களிடம் பொதுவாக ஒரு பழக்கம் தெரிகிறது. மனையைக் காட்டுவதற்கு முன் அவர்கள் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

புதியவரின் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முதல் வருமானம் பெரும்பாலும் வாடகை வீட்டிலிருந்து வரும். ஒரு மாத வாடகை கமிஷன் என்பது நகரங்களில் வழக்கம். அடுத்து மனை. 30 லட்ச ரூபாய் மனைக்கு ஒரு சதவீதம் என்றால் 30,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பவரைத் தெரிந்தவர் ஒருவர், வாங்குபவரைக் கூட்டி வந்தவர் ஒருவர், இருவரையும் சேர்த்துவைத்தவர் ஒருவர் எனப் பங்கு பிரிந்தால் கைக்கு வருவது 10,000. அதுவும் கிரயம் முடிகிற அன்றுதான். பார்ட்டி மனம் மாறினாலோ, வங்கி கடன் தர மறுத்தாலோ, மூன்று மாத அலைச்சலுக்குப் பெட்ரோல் செலவுதான் மிச்சம். குறைந்தது ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவுக்கு வழி வைத்துக்கொண்டு, அல்லது வேறொரு வேலையில் இருந்துகொண்டே இதைத் தொடங்குவதுதான் விவேகம். பணமுடையில் இருக்கும் தரகருக்கு, வாங்குபவரிடம் "இது வேண்டாம் சார்" என்று சொல்லும் தைரியம் வருவது கடினம்.

தரகு விகிதத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. ஒன்றோ இரண்டோ சதவீதம் என்பது ஊர் வழக்கம்தான். அதனால் மனையைக் காட்டும் முன்பே, எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். முகதாட்சண்யத்துக்காக இதை விட்டவர்கள்தான் கிரயத்தன்று பதிவு அலுவலக வாசலில் நின்று வாக்குவாதம் செய்கிறார்கள்.

இனி பத்திரங்களுக்கு வரலாம். தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சொத்து விற்பனைக்கு வந்தால் தரகர் பார்க்க வேண்டியவை: இப்போதைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, 'எஃப்எம்பி' எனப்படும் புல வரைபடம். பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். அண்மைப் பல பத்தாண்டுகளின் வில்லங்கத்தையும் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். எடுப்பது யாராலும் முடியும். ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் உட்பிரிவோடு வேறொன்று. பத்திரத்தில் 12 சென்ட், தரையில் அளந்தால் 11. 1980களை ஒட்டி நடந்த, 'யூடிஆர்' என்று எல்லோரும் சொல்லும் நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் புகுந்த பிழைகள் இன்னும் பல கிராமங்களில் அப்படியே கிடக்கின்றன. பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அப்படியும், "பட்டா என் பேர்ல இருக்குப்பா, அப்புறம் என்ன?" என்று கேட்கும் விற்பனையாளரைப் புதியவர் நம்பிவிடுகிறார்.

அளவிலேயே தடுக்கி விழுபவர்களும் உண்டு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரரின் கிரவுண்டு 2,400 சதுர அடி. பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். தஞ்சைப் பக்கம் போனால் மாவும் குழியும் இன்னும் பேச்சில் இருக்கின்றன.

வில்லங்கச் சான்று எதைக் காட்டாது என்று தெரிந்திருப்பது இன்னும் முக்கியம். பதிவாகாத எதையும் அது காட்டாது. பீரோவில் இருக்கும் பதிவு செய்யாத உயில், வாய்மொழியாகப் பேசி முடித்த பாகப்பிரிவினை, காலி செய்ய மறுக்கும் குத்தகைதாரர் என எதுவும் அதில் வராது. சிவில் கோர்ட்டில் நடக்கும் வழக்குகூடப் பெரும்பாலும் அதில் தெரியாது. "வில்லங்கம் சுத்தம்" என்று சொல்லி முன்பணம் வாங்கித் தருகிறவர், அரைகுறையாகப் பார்த்துவிட்டு அடுத்தவர் சேமிப்பைப் பணயம் வைக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

அனுபவமுள்ள தரகர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கூடப் பிறந்த அக்கா, தங்கச்சி எத்தனை பேர்?" இந்துக் குடும்பங்களில் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை மட்டும் அது விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டைப் போக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் பத்திரங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. "தங்கச்சிக்குத்தான் நகை போட்டு கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சே" என்பது அண்ணன்மார் தரும் விளக்கம். நகை போட்டதால் பங்கு போய்விடாது. அந்தத் தங்கையின் கையெழுத்தை வாங்கச் சொல்லும் தரகர், வாங்குபவரைப் பல வருட வழக்கிலிருந்து காப்பாற்றுவதோடு, ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியதையும் சேரச் செய்கிறார்.

தொடவே கூடாத நிலங்களும் இருக்கின்றன. ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்குகள். அறநிலையத்துறை ஆணையரின் ஒப்புதலின்றி விற்க முடியாத கோயில் நிலங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள். மற்றவர்களுக்கு அவற்றை விற்கக் கூடாது என்பது வழங்கும்போதே போட்ட நிபந்தனை. அவற்றில் ஏராளமானவை கைமாறிப்போனதில் தரகர்களுக்கும் பங்கு உண்டு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

காகிதம் படிக்காத தரகுக்கு என்ன நேரும் என்பதை 2016 காட்டியது. வயல்களைக் கூறுபோட்டு, கல் நட்டு, மண் சாலை போட்டு அங்கீகாரமில்லாமல் மனைகளை விற்பது அதுவரை மாநிலம் முழுக்கச் சர்வசாதாரணமாக நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பணம் கொடுத்தவர்களும் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களும் அப்படியே நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. இடைப்பட்ட மாதங்களில் தரகர்கள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். மறுவிற்பனை வீடுகளையும், அரசின் நகரமைப்பு அமைப்புகளான டிடிசிபி, சிஎம்டிஏ ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்ற மனைகளையும் மட்டும் கையில் எடுத்தவர்களுக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை.

அதே 2017இல் 'ரெரா' எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. 2016இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டம் தரகரைத் தொழில் செய்பவராக அங்கீகரித்துக் கடமைகளை விதித்தது என்பது பெரிய விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்கள் ரெராவில் பதிவாக வேண்டும். அவற்றில் விற்பனைக்கு உதவும் தரகரும் தனியாகப் பதிவுபெற வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் மனை அல்லது வீட்டின் விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். ஆனால் பழைய வீடு, விவசாய நிலம், வாடகை ஆகியவை இந்த வலைக்கு வெளியேதான் இருக்கின்றன. சிற்றூர்த் தரகரின் அன்றாட வேலை பெரும்பாலும் அந்த வெளியில்தான் நடக்கிறது.

அங்கே துணைக்கு இருப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தானே புகுந்து வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை உரிமையாளர் கேட்டு வாங்கலாம் என்கிறது அதன் 216ஆவது பிரிவு. "எனக்குக் கையில 28 வந்தா போதும், மேல நீ பாத்துக்கோ" என்று உரிமையாளரே சொல்லியிருந்தால் அது வேறு. விற்பவரிடம் 28 என்றும் வாங்குபவரிடம் 32 என்றும் சொல்லி, இருவரையும் சந்திக்கவிடாமல் நடுவில் நான்கு லட்சம் எடுப்பது நம்பிக்கை மோசடி. பெரும்பாலும் கிரயத்தன்றே அது வெளியே வந்துவிடும். பிறகு அந்த ஊரில் யாரும் அவரை வீட்டுத் திண்ணையில் உட்காரவைக்க மாட்டார்கள்.

ரொக்கத்திலும் கவனம் வேண்டும். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. முன்பணத்துக்கும் இது பொருந்தும். மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். 'டோக்கன் அட்வான்ஸ்' என்று மஞ்சள் பையில் லட்சங்களைக் கைமாற்றிவிடும் தரகர், தன்னை நம்பிய விற்பனையாளரை வருமான வரித்துறையிடம் மாட்டிவிடுகிறார். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதையும் பலர் இன்னும் சொல்வதில்லை. 'பவர்' எனப்படும் அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்கவந்தால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பவரை மட்டும் வைத்துச் சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தரகரே தேவையில்லை என்ற முழக்கத்தோடு 2014இல் 'நோபுரோக்கர்' வந்தது. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் ஆகியவை அதற்கும் முன்பே இருந்தன. மாநகரங்களின் வாடகைத் தரகில் ஒரு பகுதியை இவை எடுத்துக்கொண்டது உண்மை. படம் காட்டுவதும் தொலைபேசி எண் தருவதும் மட்டுமே தன் வேலை என்றிருந்த தரகருக்கு இனி இடமில்லை. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எந்த மனைக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் இருக்கிறது, போன மாதம் அதே தெருவில் உண்மையில் என்ன விலைக்குக் கிரயம் ஆனது என்பதெல்லாம் செயலியில் வராது.

ஆகவே புதியவர் மாவட்டம் முழுக்க ஓடுவதைவிட, ஒரே ஒரு சார்பதிவாளர் அலுவலக எல்லையைத் தன் எல்லையாக எடுத்துக்கொள்வது நல்லது. அந்தக் கிராமங்களின் சர்வே எண்கள், வழிகாட்டி மதிப்பு, நடப்பு விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். அக்கறையுள்ள ஒரு வழக்கறிஞரையும் நேர்மையான ஒரு பத்திர எழுத்தரையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கிரயம் முடிந்து கமிஷன் வாங்கிய பிறகும் பட்டா மாறுதல், உட்பிரிவு இருந்தால் சர்வேயரின் அளவை, வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் வரை கூட நின்றால், அந்தக் குடும்பம் தன் உறவினர்களிடமெல்லாம் அவர் எண்ணைக் கொடுக்கும். வேறு விளம்பரம் தேவைப்படாது.

மகாராஷ்டிரத்தின் ரெரா ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி ஒரு பயிற்சி கட்டாயமாக வேண்டும். நம் ஊரில் அது தமிழில், தாலுகா அளவில் நடக்க வேண்டும். தேர்வில் ஒரு மூலப் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பட்டாவையும் முன்னால் வைத்து, பிழை எங்கே என்று கேட்க வேண்டும். வாடகையும் விவசாய நிலமும் பார்க்கும் சிறு தரகருக்கும் கட்டக்கூடிய கட்டணத்தில் பதிவும் அடையாள அட்டையும் தர வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனை தேடும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ, எதிரில் நிற்பவர் அந்தத் தேர்வில் தேறியவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போதுதான் ஒரு வழி இருக்கும்.