விறகு கூடியும் எரியாத அடுப்பு



பெரகலக் குளிருக்கு நாளில் நாலைந்து தடவை தேத்தண்ணி வேண்டும், அதற்குச் சீனியும் வேண்டும். சீனிதான் உடம்புக்கு விறகு என்கிறோம். அப்படியானால் இரத்தத்தில் சீனி கூடிய ஒருவரின் கால் புண் ஏன் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது?

கிருமியோடு போராடுபவை வெண்குழியங்கள். அவற்றில் பல, சும்மா இருக்கும்போது இழைமணிகளில் ஒட்சிசனோடு எரிபொருளை மெல்ல மெல்ல எரிக்கின்றன. (இழைமணி என்றால் என்னவென்று ஓ.எல். படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லும்.) கிருமி புகுந்ததும் நிலைமை மாறும். விருந்தாளி வந்துவிட்டால் சுள்ளியைத் திணித்து அடுப்பை மூட்டுவீர்களே, அதுபோலக் குளுக்கோசை அள்ளி அவசரமாக உடைக்கும். இதில் சக்தி குறைவாகவே கிடைக்கும். ஆனால் உடனே கிடைக்கும், ஒட்சிசனும் தேவையில்லை. சீழ் கட்டிய இடத்தில் ஒட்சிசன் ஏது? கிருமி அழிந்த பின், புண்ணை ஆற்றும் கலங்கள் மீண்டும் மெல்லிய எரிப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வீக்கமும் வலியும் நீடிக்கும்.

சீனி வருத்தத்தில் இந்த ஒழுங்குதான் குலைகிறது. மிதமிஞ்சிய குளுக்கோசு வெண்குழியத்துக்குள் சோர்பிட்டோல் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த மாற்றத்துக்குச் செலவாகும் அதே சரக்குத்தான் கிருமியைக் கொல்லும் இரசாயனத்தை ஆக்கவும் வேண்டும். சரக்கு அங்கே போய்விட்டால் இங்கே ஆயுதம் குறையும். வெண்குழியம் கிருமியை விழுங்குவதும் தாமதமாகும். அதேவேளை உடம்பெங்கும் ஓர் அழற்சி அணையாமல் புகைந்துகொண்டே இருக்கும். விறகு நிறைந்திருந்தும் அடுப்பில் புகைதான்!

இது காலோடு நிற்பதில்லை. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் 827 காசநோயாளரைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நால்வரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. இன்னொரு கால்வாசிப் பேர் அதன் வாசலில் நின்றார்கள். ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்தெழும்பும் நம் தோட்டத்து லயங்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல என்பதே என் எண்ணம்.

ஆகவே வீட்டில் சீனி வருத்தம் உள்ளவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால், “பனிக்காலம்தானே” என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். தியத்தலாவை, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை. காசநோய் என்று தெரிந்தவருக்கு இரத்தத்தில் சீனியும் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்து குறைந்தது 6 மாதம் குடிக்க வேண்டும். அந்த மாதங்களில் சீனியும் கட்டுக்குள் இருந்தால்தான் மருந்து சரியாகப் பிடிக்கும்.