பட்டா நம்ம பேருல, சாவி யாருகிட்ட?

எங்க வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பை கிடக்கிறது. உள்ளே பிளாப்பிகள். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு டி.டி.பி. சென்டரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் அடித்தவை. கொடியங்குளம் (1995), மேலவளவு (1997), தாமிரபரணி (1999) என்று ரத்தம் காயாத நாட்கள். உண்மை அறியும் குழுக்கள் சேரி சேரியாகப் போய்க் கேட்டு எழுதி வந்த வாக்குமூலங்களையும் நம்முடைய சிறுபத்திரிகைகளின் பக்கங்களையும் கம்போஸ் பண்ணுவது என் வேலை. வெளி வேலைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இயக்க வேலைக்கு டீ.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வழக்குக்காக அதில் ஒரு வாக்குமூலம் தேவைப்பட்டது. ஒரு கிழவி சொன்னது. அவர் இன்று உயிரோடு இல்லை. அச்சில் வந்தது பாதிதான். மீதி, பக்கம் போதாமல் வெட்டப்பட்டது. முழுசும் பிளாப்பியில் இருக்கிறது. பிளாப்பி படிக்கிற கருவியைத் தேடிப் பிடித்து, கோப்பைக் கணிப்பொறிக்குள் இறக்கியும் ஆயிற்று. திறக்கவில்லை. அந்த மென்பொருளை விற்றவர்கள் அதைக் கைவிட்டு ரொம்ப காலமாகிறது. அன்று காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு இருந்தால்தான் உள்ளே இருப்பது தமிழாகத் தெரியும். அதுவும் இல்லை.

எங்க சனங்க அழுதுகிட்டே சொன்ன சொல்லு. நான் அடித்த எழுத்து. என் கையில் இருக்கிற பிளாப்பி. என்னால் படிக்க முடியவில்லை.

பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்க அம்மா ஒன்று சொல்லும்: “பட்டா நம்ம பேருலதான்டா. பத்திரமா இருக்கட்டும்னு உங்க தாத்தா குடுத்து வச்ச பீரோ அவுங்க வீட்டுல. சாவியும் அவுங்ககிட்ட.” 1892 ஆணைப்படி நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் எப்படி எப்படியெல்லாம் கைமாறியது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது அவரவர் வீட்டுக் கதை. அதே கதை கணிப்பொறிக்குள்ளும் நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

கோப்பு வடிவம் என்றால் ஏதோ என்ஜினியர் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அது ரொம்ப எளிய விஷயம். எழுத்தை எந்த வரிசையில், எந்தக் குறியீட்டில் அடுக்கி வைப்பது என்கிற ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தம் ஒரு முதலாளியின் ரகசியமாக இருந்தால், எழுதியவன் தான் எழுதியதைப் படிக்க அவனிடம் போய் நிற்க வேண்டும். வெளியே எழுதி வைக்கப்பட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திறக்கிற கருவியைத் தானே செய்தும் கொள்ளலாம்.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகை 1914இல் அவரோடு முடிந்தது என்றே பல காலம் இருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். எண்பத்தைந்து வருஷம் கழித்து அந்தத் தாளைப் படிக்க எவனுடைய லைசென்சும் தேவைப்படவில்லை. கண்ணும் தமிழும் போதுமாக இருந்தது. நான் 1997இல் அடித்தது இருபது வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நவீனம் என்று நாம் நம்பியது கரையானைவிட மோசமாக இருந்திருக்கிறது.

திறந்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஓப்பன் டாக்குமென்ட் வடிவம், சுருக்கமாக ஓ.டி.எஃப். 2005இல் ஓயாசிஸ் என்கிற அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. 2006இல் அது ஐ.எஸ்.ஓ. 26300 என்று சர்வதேசத் தரமானது. விதிகள் அத்தனையும் காசில்லாமல் கிடைக்கின்றன. இதற்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் தன் வடிவத்தை ஆறாயிரம் பக்க ஆவணமாகக் கொண்டுவந்து ஐ.எஸ்.ஓ. முன் வைத்தபோது, 2007இலும் 2008இலும் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஆனாலும் அது நிறைவேறியது. இன்று அதுவும் சர்வதேசத் தரம்தான், அதையும் நிரல் எழுதிப் படிக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவன் தலையில் ஆறாயிரம் பக்கத்தை ஏற்றுவதும் ஒரு வகையில் கதவைச் சாத்துவதுதான். அரசு நிர்வாகத்தில் திறந்த தரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2010இல் கொள்கை அறிவித்தது. தாளில் இருக்கிறது. தீண்டாமை ஒழிப்பும் 17ஆவது பிரிவாகத் தாளில் இருக்கத்தான் செய்கிறது.

ஐம்பது வயசுக்கு மேல் நான் நிரல் எழுதப் படித்தேன். எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்துதான். முதல் பாடம் இது: லிப்ரே ஆபீசில் ஒரு கடிதம் எழுது. ஓ.டி.டி. என்று சேமி. ஒரு நகல் எடு. அதன் பெயரின் வாலில் இருக்கும் ஓ.டி.டி.யை அழித்துவிட்டு ஜிப் என்று போடு. இப்போது திற.

உள்ளே ஒரு சின்ன வீடே இருக்கிறது. ‘கன்டென்ட்’ என்கிற கோப்பில் நாம் எழுதியது. ‘ஸ்டைல்ஸ்’ கோப்பில் அலங்காரம். ‘மெட்டா’வில் யார், எப்போது என்கிற விவரம். ‘மேனிஃபெஸ்ட்’டில் வீட்டுச் சாமான் பட்டியல். ‘மைம்டைப்’ என்கிற ஒருவரிக் கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பது கடிதமா கணக்கா என்று வாசலிலேயே தெரிந்துவிடும். கன்டென்ட்டைத் திறந்த ஒரு பெண் கத்தினாள்: “மாமா, நான் எழுதுனது அப்படியே இருக்கு மாமா!” ஆமாம் தாயி, அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் ஒரு அடையாளக் குறி, நடுவில் உன் தமிழ். பைத்தான் மொழியில் ஜிப்பைத் திறக்கவும், எக்ஸ்.எம்.எல்.லைப் பிரிக்கவும் தேவையானவை மொழியோடேயே வருகின்றன. பத்து வரியில் ஒரு கடிதத்தின் பத்திகளையெல்லாம் எடுத்துவிடலாம்.

எளிது என்று சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. வன்கொடுமை வழக்குகளின் எண்ணிக்கையைத் தாலுகா வாரியாக, காலாண்டு வாரியாக ஓ.டி.எஸ். கணக்குத் தாளில் போட்டு, கூட்டிச் சொல்ல ஒரு நிரல் எழுதினேன். கூட்டுத்தொகை குறைந்தே வந்தது. இரண்டு ராத்திரி போராடிய பிறகு புரிந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரே எண் இருந்தால், அதை ஒரு தடவை மட்டும் எழுதி, ‘இத்தனை தடவை’ என்று ஒரு குறிப்புப் போட்டு வைக்கிறார்கள். இடம் மிச்சம். மூன்று காலாண்டிலும் இரண்டிரண்டு வழக்கு என்றால் ஆறு. குறிப்பைப் பார்க்காத என் நிரல் இரண்டு என்றது. போலீஸ் ஸ்டேஷனில் வழக்கே பதியாமல் நம் எண்ணிக்கையைக் குறைக்கிறான். என் அரைகுறைப் படிப்பும் அதே காரியத்தைச் செய்துவிட்டது. ஆனால் விதி வெளியே எழுதியிருந்ததால் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. ரகசிய வடிவமாக இருந்திருந்தால் தப்பு என்பதே தெரிந்திருக்காது.

மஞ்சள் பைக்கு வருகிறேன். 2014இல் லிப்ரே ஆபீசை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர், ஆவண விடுதலைத் திட்டம். விடுதலை என்கிற சொல்லை அங்கே பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. கைவிடப்பட்ட மென்பொருள்களின் கோப்புகளை உடைத்துப் படிக்கிற நிரல்களை எழுதி யாருக்கும் எடுத்துக்கொள்ளக் கொடுக்கிறார்கள். அந்த வழியில் என் கோப்பிலிருந்து எழுத்தை உருவினோம். வந்தது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. முதல் பூட்டு உடைந்தது, இரண்டாவது பூட்டு எழுத்துரு.

அச்சான பழைய இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் போட்டார்கள். மாற்றுகிற நிரலை எழுதினோம். பழைய எழுத்துருவில் டைப்ரைட்டர் மாதிரி கொம்பு முன்னால், மெய் பின்னால். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு அப்புறம். ‘கொ’ அங்கே மூன்று துண்டு, இங்கே இரண்டு. வரிசையை மாற்றிப் போட வேண்டும். கொம்பு ஒரு குறிக்குள்ளும் மெய் அடுத்த குறிக்குள்ளும் மாட்டிக்கொண்டால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் சரி செய்த பிறகு ‘பௌத்தம்’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை! அம்பேத்கரைப் பற்றி அத்தனை கட்டுரை, பௌத்தம் இல்லாமலா? அன்று ‘ஔ’காரக் குறிக்குப் பதில் ‘ள’வைத் தட்டிவிட்டிருக்கிறோம். கண்ணுக்கு ஒன்றுதான், கணிப்பொறிக்கு அது வேறு சொல். எல்லா ‘ள’வையும் மாற்றவும் முடியாது. ‘கெளுத்தி’ கெட்டுப்போகும். அதற்கொரு சொற்பட்டியல் தயாரித்தோம். இந்த வேலையை எந்தக் கம்பெனி நமக்காகச் செய்யும்? இந்தச் சொல் முக்கியம் என்று தெரிந்தவன்தான் செய்வான்.

கிழவியின் வாக்குமூலம் முழுசாக வந்தது. நான்கு பக்கம். வெட்டப்பட்ட பாதியில் மூன்று பெயர்கள் இருந்தன.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: “குடிசை எரியும்போது இதெல்லாம் தேவையா?” குடிசை எரிந்ததை யார் எழுதுவது, எழுதியதை யார் வைத்திருப்பது என்பதும் அந்தத் தீயைச் சேர்ந்த கேள்விதான். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், கணிப்பொறியில் இருக்கிற பட்டியலை அச்சடித்து, அதை ஸ்கேன் பண்ணி, படமாக அனுப்புகிறார்கள். பி.டி.எஃப்.பும் திறந்த தரம்தான். ஆனால் உள்ளே இருப்பது எண்ணின் போட்டோ. கூட்ட முடியாது, தேட முடியாது. கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

நம் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் கணிப்பொறி வகுப்புகளில் என்ன சொல்லித் தருகிறார்கள்? டைப் அடி. டேட்டா என்ட்ரி போடு. அடுத்தவன் செய்த மென்பொருளில் அடுத்தவனுக்கு வேலை செய். சாதி உழைக்கிறவர்களையே தரம்பிரித்து அடுக்குகிற ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டினார். அந்த அடுக்கு கீபோர்டுக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானே பல வருஷம் அப்படி உட்கார்ந்தவன்தான். என் கோப்பு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்தக் குற்றம் என்னுடையதும்தான்.

எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, 2006, 2007 வாக்கில், அந்த நிறுவனம் லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. 2008இல் அவரை மாற்றினார்கள். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழைக் கேள்வி கேட்டு இடைநீக்கம் செய்தார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஒரு அதிகாரியின் மேசையில் மட்டும் இருக்கிற அறிவு ஒரு மாறுதல் உத்தரவில் போய்விடும் என்று மட்டும் சொல்கிறேன். அது காலனிக்கு வர வேண்டும். திறந்த மென்பொருள் உலகத்தில் சாதி இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அங்கேயும் குலம் விசாரிக்கிறவன் இருக்கிறான். ஆனால் விதிப் புத்தகத்தை நம்மிடமிருந்து மறைக்க அவனால் முடியாது.

ஆகவே கேட்கிறேன். நம் இதழ்கள் பி.டி.எஃப்.போடு நிற்காமல் யூனிகோடில் ஒரு ஓ.டி.டி. நகலும் சேர்த்து வைக்கட்டும். உண்மை அறியும் அறிக்கைகளின் அட்டவணைகள் ஓ.டி.எஸ்.ஸாகவும் வெளிவரட்டும். ஒவ்வொரு இரவுப் பாடசாலையிலும் ஒரு பிள்ளையாவது கோப்பைப் பிரித்துப் பார்க்கப் படிக்கட்டும்.

கிழவியின் நான்கு பக்கத்தில் இரண்டு சொல் இன்னும் பிடிபடவில்லை. அச்சுப் பிரதியில் இல்லாத குறிகள். பட்டியலில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அதே எழுத்துருவில் அடித்த வேறு இதழ் கிடைத்தால் நிரப்பிவிடுவோம். உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மஞ்சள் பை கிடக்கும். இறக்குங்க தோழர்களே.