எல்லா கிளாஸுக்கும் வந்தேன் சார்

கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர், தம் மாணவரிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியை இந்த வாரம் காட்டினார். "எல்லா கிளாஸுக்கும் வந்திருக்கேன் சார். அசைன்மென்ட்டும் டயத்துக்குக் குடுத்தேன். இன்டர்னல்ல ஏன் குறைச்சிட்டீங்க?" கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை. கூலி பாக்கி கேட்பவரின் நிதானம். எனக்குத்தான் சுர்ரென்றது.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. 2008-இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில், வகுப்புக்கு வந்ததற்கே 'பி' கிரேடு தர வேண்டும் என்றார்கள் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள். என் தலைமுறை ஸ்டாஃப் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு "பாத்துப் போடுங்க சார்" என்றது. இவர்கள் டைப் அடிக்கிறார்கள்.

அடுத்து உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திரம்' வரப்போகிறது என்று பழைய வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். வரத்தான் போகிறது.

1880 அக்டோபர் 21. உ.வே.சா.வுக்கு 25 வயது; கும்பகோணம் கல்லூரியில் அந்த வருஷம்தான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தப் பெயருக்கே மரியாதை கிடைக்கும் என்று நம்பிப் போனவர். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டார்!

சரி, சிந்தாமணி படித்ததுண்டா? இல்லை, ஆனால் புத்தகம் கிடைத்தால் படித்துவிடும் தைரியம் உண்டு என்றார் இவர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணால் பார்க்காத காப்பியத்தின்மேல் என்ன துணிச்சல்! புத்தகம் கைக்கு வந்தபின் பல இடங்கள் புரியவில்லை. பிள்ளையவர்களிடம் படித்த சைவமும் புராணமும் அந்தச் சமண நூலுக்குள் நுழையப் போதவில்லை. கல்லூரியில் ஆசிரியர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் சந்தேகம் கேட்கும் மாணவர். 'நான் காலேஜ் வாத்தியார்' என்ற பேச்சே அங்கே எடுபடாது.

1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. பெயரும் புகழும் கூடவே வந்தன. இருபது வருஷம் கழித்து, 1907-இல், அதே நூலைத் திருத்தி மறுபடியும் பதிப்பித்தார்.