லிஸ்பன் கேட்ட கேள்வி

ஆலயமணி அழைத்தது, அணிஅணியாக வந்தனர் மக்கள். பீடத்திலே மெழுகுவர்த்திகள் சுடர்விட்டன. பாடகர் குழு பாடிற்று, பாதிரியார் கரம் உயர்த்தினார், மண்டியிட்டது கூட்டம். 1755, நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள். போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனிலே காலை ஒன்பதரை மணி கடந்த நேரம். பூமி குலுங்கிற்று!

கும்பிட்ட தலைகள்மீது கூரைகள் விழுந்தன. சிலுவை தாங்கிய கோபுரங்கள் சரிந்தன. பீடத்து மெழுகுவர்த்திகள் திரைச்சீலைகளைப் பற்றின, வீட்டு அடுப்புகளும் சேர்ந்துகொண்டன, ஊர் எரியலாயிற்று, ஐந்தாறு நாட்கள் அணையவில்லை. நெருப்பும் இடிபாடும் இல்லாத இடம் எது என்று தேடி, டேகஸ் ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடினர் எஞ்சியோர். ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து கொண்டுபோயிற்று. சகல புனிதர் பெயராலேயே அமைந்திருந்த அரசு மருத்துவமனையிலே, எழுந்து ஓட இயலாத நோயாளிகள் படுக்கையோடு வெந்தனர். மாண்டவர் 30,000 என்றும் அதனினும் மிகுதி என்றும் கணக்கிடுவர்.

மாண்டவர் யார்? கடவுள் இல்லை என்றவரா? காணிக்கை தர மறுத்தவரா? படுக்கையிலே சோம்பிக் கிடந்தவனுக்குக்கூட ஒருவேளை தப்ப வழி இருந்திருக்கும். விடிந்ததும் எழுந்து, குளித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலயம் சென்றவனுக்குக் கல்வளைவே கல்லறையாயிற்று! மன்னன் ஜோசப், குடும்பத்தோடு நகருக்கு வெளியே பெலேம் சென்றிருந்தான், தப்பினான். தப்பிய பிறகு கல் கட்டடத்திலே குடியிருக்கவே அஞ்சி, மரக்கொட்டகையிலே கொலுவீற்றிருந்தான். ‘அவனன்றி ஓரணுவும் அசையாது’ என்ற நம்பிக்கை மன்னனுக்கு இருந்தது. மரத்தின்மீது அதைவிடச் சற்று அதிகமாக இருந்தது போலும்!

பழங்கதை எதற்கு என்பீர், தோழர்களே. சொல்கிறேன். ‘பிள்ளையாரைக் கேட்பீர்கள், பெருமாளைக் கேட்பீர்கள், பரமபிதாவைக் கேட்க உங்களுக்குத் துணிவுண்டா?’ என்று நம்மை இடித்துரைப்போர் இருக்கிறார்கள். அப்படிக் கேட்போருள் பலர் பரமபிதாவிடம் பற்றுடையவர் அல்லர், பிள்ளையாரைக் காப்பாற்றவே கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆயினும் கேள்வி நியாயமானது. பகுத்தறிவு என்னும் தராசிலே ஒருவருடைய பண்டத்தை நிறுத்துவிட்டு மற்றவருடையதை நிறுக்காமல் அனுப்புவது நேர்மையாகாது.

நம்மிடையே ஒரு தயக்கமும் உண்டு. பொதுக்கிணற்றிலே நீர் மொள்ள விடாமல் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெஞ்சியிலே உட்காரவைத்து எழுத்தறிவித்தவை பாதிரிமார் பள்ளிகள். தரங்கம்பாடியிலே அச்சகம் அமைத்துத் தமிழ் எழுத்தை அச்சேற்றியவர் சீகன்பால்கு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர் கால்டுவெல். 1886இல் குறளை ஆங்கிலத்திலே தந்தவர் போப். நன்றி மறப்போமல்லோம். ஆனால் பள்ளி கட்டியவருக்குக் காட்ட வேண்டியது நன்றி. கோட்பாட்டுக்குக் காட்ட வேண்டியது ஆராய்ச்சி. ஒன்றைக் காட்டிவிட்டோம் என்பதற்காக மற்றதை விட்டுவிடுதல் தகாது.

கிறித்தவ ஆண்டவனின் இயல்புகள் யாவை? ஊர்ப்புறத்து உபதேசியாரைக் கேட்டு, அவர் தடுமாறுவதைக் கண்டு நகைப்பது அழகன்று. அவர்களுடைய பேரறிஞரையே கேட்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்த துறவி தாமஸ் அக்குவினாஸ், ஆண்டவன் பகுப்பற்றவன், நிறைவுடையவன், எல்லையற்றவன், எங்குமுள்ளவன், மாறாதவன், காலங்கடந்தவன், ஒருவன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிக்கொண்டே போகிறார். 1870இல் வத்திக்கானிலே கூடிய திருச்சங்கமும் ஏறத்தாழ இதே அணிவகுப்பைக் கோட்பாடாக அறிவித்தது. சீர்திருத்தச் சபையார் ரோமாபுரியின் தலைமையை மறுத்தார்களே ஒழிய, இந்தப் பட்டியலை மறுத்தாரில்லை. பகுப்பற்றவனோ, காலங்கடந்தவனோ, அது அவர்கள் பாடு. அதனால் நமக்கு அரிசி விலை ஏறப்போவதுமில்லை, இறங்கப்போவதுமில்லை. ஆனால் மூன்று குணங்கள் மட்டும் மனிதனுடைய முதுகிலே ஏறி உட்காருகின்றன. எல்லாம் வல்லவன்! எல்லாம் அறிந்தவன்! எல்லையற்ற அன்புடையவன்!

தடுக்க விரும்பினான், இயலவில்லை என்றால் வல்லமை எங்கே? இயன்றும் விரும்பவில்லை என்றால் அன்பு எங்கே? விருப்பமும் இருந்தது, வல்லமையும் இருந்தது என்றால் தீமை எங்கிருந்து வந்தது? இது கிரேக்க அறிஞன் எபிகூரஸின் கேள்வி என்று சொல்லி, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதிவைத்தவர் லாக்டான்ஷியஸ் என்ற கிறித்தவர். மறுப்பதற்காகவே எழுதினார், பாவம். மறுப்பைப் படிப்பார் அரிது. கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

லிஸ்பனிலே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர்களைப் பாருங்கள். சேசு சபைப் பாதிரியார் மலகிரிடா 1756இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலநடுக்கத்துக்குக் காரணம் இயற்கை அன்று, மக்களின் பாவமே. குடிசை கட்டுவதிலே காலம் போக்காமல் தவத்திலே ஈடுபடுக என்பது அவர் தந்த மருந்து. வீடிழந்து வெட்டவெளியிலே நடுங்கியவர்களுக்கு! அதே வேளை இங்கிலாந்திலே ஜான் வெஸ்லி, அந்த ஆண்டு முடியுமுன்பே ஒரு நூல் வெளியிட்டார். மத விசாரணை என்ற பெயரால் லிஸ்பனிலே சிந்தப்பட்ட இரத்தத்துக்கு ஆண்டவன் கணக்குக் கேட்கத் தொடங்கினானோ என்பது அவருடைய கருத்து. விசாரணை மன்றத்தின் மாளிகையும் அன்று இடிந்தது உண்மைதான். ஆனால் அதன் சிறையிலே வாடியவர்களைப் பெற்ற தாய்மாரின் வீடுகளும் அல்லவா இடிந்தன? ஒரே நடுக்கம், ஒரே ஆண்டவன். கத்தோலிக்கர் போதிய பக்தி செலுத்தவில்லை என்று கோபித்தானென்றார் ஒருவர். கத்தோலிக்கராயிருந்ததற்கே கோபித்தானென்றார் மற்றவர்! எழுத்தே இல்லாத ஏட்டை ஆளுக்கொரு விதமாகப் படித்துக் காட்டினர்.

மலகிரிடாவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அமைச்சர் பொம்பாலின் பகைக்கு ஆளாகி, முதுமைப் பருவத்திலே, 1761இல், மதத் துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார், உடல் எரிக்கப்பட்டது. அவருடைய கருத்து மடமை. அவரைக் கொன்றது கொடுமை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நமக்கு வழக்கமன்று.

‘இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் இதுவே சிறந்தது’ என்று 1710இல் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். லிஸ்பனுக்குப் பிறகு அதை நேருக்குநேர் சொல்ல நா கூசிற்று. வால்டேர் 1756இல் கவிதையாலே தாக்கினார். 1759இல் ‘காண்டீட்’ கதையாலே நையாண்டி செய்தார். ஆண்டவன் பக்கம் நின்று வால்டேருக்குக் கடிதம் எழுதிய ரூசோகூட, ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையன்று, மனிதன்தானே என்றார். காப்பாற்ற வந்தது ஆண்டவனை. கையிலே அகப்பட்டது கட்டடக்கலை! கான்ட், நிலத்தடிக் குகைகளிலே காரணம் தேடினார். அவருடைய விளக்கம் தவறு. தேடிய இடம் சரி.

இவ்வளவும் நூலிலே படித்தவை. இனி, காதிலே கேட்டது ஒன்று.

நாகைக் கடற்கரையோரம், நான் பணியாற்றும் பள்ளியிலே சத்துணவு சமைக்கும் அம்மையார் ஒருவர். 2004 டிசம்பர் 26இல் மூன்று வயது மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரோ கேட்டதுபோலச் சொன்னார்: “அன்னிக்குப் பூசைக்குப் போவலை சார். மீன் வந்துருக்குன்னு கரைக்குப் போயிட்டேன். புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டேன். அதான் ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு.”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தாய் சுமக்கும் பாரம் இது! பூசைக்குப் போனவர்கள் மாண்டனர் லிஸ்பனிலே. பூசைக்குப் போகாததால் பிள்ளை மாண்டான் என்று நம்புகிறார் இவர். அவருக்கு யார் சொன்னார்? எந்தப் பாதிரியாரும் அப்படிச் சொல்லவில்லை என்கிறார், நான் நம்புகிறேன். சொல்ல வேண்டியதே இல்லையே! வல்லவன், அறிந்தவன், அன்புடையவன் என்று மூன்றையும் பிஞ்சு வயதிலே நெஞ்சிலே பதித்துவிட்டால், பிள்ளை செத்த நாளிலே தாயே கூட்டிக்கழித்து விடை கண்டுகொள்கிறாள். அவன் வல்லமையிலே குறை இருக்க முடியாது. அறிவிலே குறை இருக்க முடியாது. அன்பிலே குறை இருக்கவே முடியாது. எனவே குறை என்னிடம்! ஆண்டவனின் குணநலத்துக்கு மாசு வராமல் காக்க, கூலியில்லாமல் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள்.

சுமத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தபோது நமக்குக் காலை மணி 6:28. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நாகை மாவட்டத்திலே மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மனிதனுக்குத் தெரியாது, எச்சரிக்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடலிலே அன்று இல்லை. எல்லாம் அறிந்தவனுக்குத் தெரியுமே! கடலைத் தடுத்திருக்க வேண்டாம். இயற்கை விதியை முறித்திருக்க வேண்டாம். செங்கடலைப் பிளந்ததாகச் சொல்லப்படுபவன் ஒரு நாயைக் குரைக்க வைத்திருக்கலாகாதா? ஒரு தாயின் காதிலே ‘இன்று கரைக்குப் போகாதே’ என்று சொல்லியிருக்கலாகாதா?

‘மனிதனுக்குச் சுதந்தரம் தந்தான், அதனால் தீமை வந்தது’ என்பர். கொலைக்கும் களவுக்கும் அது விடையாகலாம். கடலடிப் பாறைக்கு ஏது சுதந்தரம்? ‘துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும்’ என்பர். மூன்று வயதிலே மூழ்கியவனுக்கு என்ன பக்குவம்? தாயைப் பக்குவப்படுத்த மகனைக் கொன்றான் என்றால், வகுப்பறைக் கூரை விழப்போவது தெரிந்தும், மாணவர்க்கு மனவுறுதி வளரட்டும் என்று வாய்மூடி வாசலிலே நிற்கும் ஆசிரியனை நீங்கள் என்ன செய்வீர்கள்? நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரைப்பீர்களா?

பைபிளிலே யோபுவின் கதை இருக்கிறது. எளிதிலே தள்ளிவிடக்கூடிய கதையன்று. நேர்மையாளன் ஒருவன் ஆண்டவனையே வழக்குக்கு இழுக்கும் கதை. சாத்தானோடு நடந்த ஒரு சவாலுக்காக அவனுடைய ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளிலே வீடிடிந்து மாள்கின்றனர். ஏன் என்று கேட்கிறான் யோபு. சூறாவளியிலிருந்து குரல் வருகிறது: நான் உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய்? இது விடையா, தோழர்களே? பிள்ளை ஏன் செத்தது என்று கேட்டவனிடம், வீட்டை யார் கட்டியது தெரியுமா என்பதா? முடிவிலே ஆடு 7,000 போய் 14,000 வருகிறது. ஒட்டகம் 3,000 போய் 6,000 வருகிறது. பிள்ளைகளும் மீண்டும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள் பிறக்கின்றனர், கணக்கு நேராகிவிட்டது! இறந்த பத்துப் பேரின் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடா? அந்த அம்மையாருக்கும் பின்னர் ஒரு மகள் பிறந்தாள். கேட்டுப் பாருங்கள், கணக்கு நேராயிற்றா என்று.

‘அவனுடைய அன்பு நம் அன்பைப் போன்றதன்று, நம் அறிவுக்கு எட்டாதது’ என்பது கடைசி அரண். எட்டாதது என்றால் அதற்கு அன்பு என்று பெயரிடுவானேன்? அன்பு என்ற சொல்லைத் தாய் மடியிலே கற்றோம். பிள்ளை விழுமுன் ஓடிவந்து பிடிக்கும் கைக்குத்தான் அந்தப் பெயர். பிடிக்காத கைக்கும் அதே பெயர் என்றால், சொல் செத்துவிட்டது. வறியவன் கையேந்தும் காட்சியைக் கண்டு, படைத்தவனையே குற்றக்கூண்டில் ஏற்றியவர் வள்ளுவர். அந்தக் குறளையும் போப் மொழிபெயர்க்கத்தானே வேண்டியிருந்தது! அந்த இடத்திலே அவர் பேனா சற்று நின்றதோ என்னவோ.

கிறித்தவருள்ளும் நேர்மையாளர் இதை உணர்ந்திருக்கின்றனர். இட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு 1945 ஏப்ரலிலே தூக்கிலிடப்பட்ட பான்ஹோபர், வல்லமையால் உதவும் கடவுளை அல்ல, நம்மோடு சேர்ந்து துன்புறும் கடவுளைப் பற்றியே சிறையிலிருந்து எழுதினார். அந்த மனிதருக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் செய்தது என்ன? மூன்றிலே ஒன்றைக் கைவிட்டார். ஆலயங்களிலோ இன்றும் விசுவாச அறிக்கை ‘எல்லாம் வல்ல’ என்றுதான் தொடங்குகிறது.

லிஸ்பனுக்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்புண்டு. புயலிலே சிக்கித் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள், நன்றிக்கடனாக வேளாங்கண்ணியிலே ஆலயம் எழுப்பினர் என்பது அங்கே வழங்கும் மரபு. 2004இல் அந்தக் கரையிலே திருயாத்திரை வந்தோர் ஏராளமாக மாண்டனர். பேராலயத்துள் நீர் புகவில்லை. அதைப் புதுமை என்று பேசினர்! டயகோரஸ் என்ற கிரேக்க நாத்திகனைப் பற்றி சிசரோ ஒரு செய்தி சொல்கிறார். கடலிலே தப்பியோர் கோயிலுக்கு அளித்த ஓவியங்களை அவனிடம் காட்டி, ‘இப்போதாவது நம்புகிறாயா?’ என்றனர். ‘மூழ்கியவர்களின் ஓவியங்கள் எங்கே?’ என்று கேட்டான் அவன்.

லிஸ்பனிலே பொம்பால் கொடுங்கோலன்தான். ஆயினும் ஒரு நல்ல காரியம் செய்தார். பங்குதோறும் ஒரு வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலிலே ஏறியதா, இறங்கியதா? எத்தனை வீடுகள் விழுந்தன? பதில் எழுதியவர்கள் பாதிரிமார்களே! யாருடைய பாவம் என்ற கேள்விக்கு எந்தப் பாதிரியாரும் உறுதியான விடை தந்ததில்லை. கடல் ஏறியதா, இறங்கியதா என்ற கேள்விக்கு எல்லோராலும் தர முடிந்தது. நிலநடுக்க ஆராய்ச்சியின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்த வினாத்தாளை இன்று மதிக்கின்றனர்.

அந்த அம்மையாருக்குக் கரும்பலகையிலே சுமத்திராவை வரைந்து காட்டினேன். பிளவு இங்கே, அலை இப்படி வந்தது, இத்தனை மணிக்குப் புறப்பட்டது, இத்தனை மணிக்கு நம் கரை. கை ஈரத்தை முந்தானையிலே துடைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

“அப்போ, நான் பூசைக்குப் போயிருந்தாலும் இது வந்துருக்குமா சார்?”

“வந்திருக்கும், அம்மா.”

2007 முதல் ஐதராபாத்திலே சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குவதையும், கடலடியிலே நடுக்கம் நேர்ந்தால் சில நிமிடங்களிலேயே அது கணித்துச் செய்தி அனுப்புவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுப்பங்கரைக்குத் திரும்பியவர், வாசலிலே நின்றார்.

“அது அன்னிக்கு ஏன் சார் இல்ல?”